நோயின் பெயரை ஏலம் விட்டவர்

வெர்லின் டீட்ஜென் முப்பது வருஷமாக மாடு ஏலம் விடுகிறவர். நெப்ராஸ்காவில் அவருடைய ஊரைச் சுற்றி எந்தப் பண்ணைக்காரனிடம் கேட்டாலும் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வான். ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் நடுவே மூச்சுவிடுகிற சந்துகூட இல்லாமல், பாட்டிலும் சேராமல் பேச்சிலும் சேராமல் ஓடுகிற வாய் அது. வியாழக்கிழமைதோறும் சந்தைக் கொட்டகையில், மரத்தூள் போட்ட வளையத்துக்கு மேலே மேடையில் உட்கார்ந்து காலையில் திறந்தாரானால், மதியம் ஒரு கிண்ணம் மாட்டுக்கறிக் குழம்பும் தொட்டுக்கொள்ள ஒரு லவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் தின்கிற நேரம் தவிர, சாயங்காலம்தான் மூடுவார்.

அந்தக் கொட்டகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாட்டில் குறை இருந்தால் விலை கேட்பதற்கு முன்னால் ஏலக்காரர் மேடையிலிருந்து சொல்லிவிட வேண்டும். ஒற்றைக் கண் என்றால் ஒற்றைக் கண். மடி வீக்கம் என்றால் மடி வீக்கம். சினை நிற்கவில்லை என்றால் அதையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன மறுகணம் பாதிப் பேர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்கள். சில மாட்டுக்கு ஒரு கையும் எழும்பாது. விற்க வந்தவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஓட்டிப் போவான். சொல்லாமல் விற்ற ஏலக்காரனுக்கு அந்த வட்டாரத்தில் யாரும் கை குலுக்க மாட்டார்கள். வெர்லின் ஒருமுறைகூட மறைத்தவரில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் லாஸ் வேகாஸில் இணையப் பெயர் வியாபாரிகளின் மாநாட்டில் ஏலம் விடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவன் ட்ரென்ட். மாநாட்டை நடத்துகிற ஆள், முப்பது வயது இருக்கும், சாக்ஸ் போடாமல் பூட்ஸ் போடுகிறவன். ஏலக்காரர் போட்டி ஒன்றில் வெர்லின் பேசியதை யாரோ படமெடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தலைவா, நீங்க வந்தே ஆகணும். அந்தத் தொப்பியோட வரணும், அதை மறந்துடாதீங்க" என்று தொலைபேசியில் குழைந்தான். கொடுக்கிறேன் என்ற தொகை கொட்டகையில் ஒரு பருவம் முழுக்கக் கத்தினாலும் வராது. வெர்லின் ஒன்றும் சாமியார் இல்லை. போனார்.

முதல் வருஷம் அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. விற்பதற்கு ஒரு வாலும் இல்லை, கொம்பும் இல்லை. திரையில் ஒரு பெயர் தெரியும், அவ்வளவுதான். 'வாடகை லாரி' என்று ஒன்று, 'நாய்த் தீனி' என்று ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டாட் காம். கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது, வெறும் சாமான் பெயர். அதற்கு வீடு வாங்கக்கூடிய விலை. "எதுக்குய்யா இத்தனை பணம்? லாரியும் வரல, நாயும் வரல" என்று கேட்டதற்கு ட்ரென்ட் சொன்னான்: "ஜனங்க பாதிப் பேரு தேடறதே இல்ல, தலைவா. எது வேணுமோ அதை எழுதி, பின்னாடி டாட் காம் போட்டுத் தட்டிடறாங்க. நேரா நம்ம பக்கத்துல வந்து விழுவாங்க. அங்க வெறும் விளம்பரம்தான். எதையாவது அமுக்கினா நமக்குக் காசு." வெர்லின் ஊருக்குத் திரும்பி, காற்றை விற்றுவிட்டு வந்தேன் என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணன் லேமோய்னும் சிரித்தார். சிரித்தபோது இருமல் வந்தது.

அந்த இருமல் நிற்கவேயில்லை. லேமோய்ன் இளவயதில் மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுகிற வேலை பார்த்தவர். அந்தத் தூள் நாற்பது வருஷம் நெஞ்சுக்குள் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு தன் வேலையைக் காட்டியது. டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்ன அன்று லேமோய்னின் மனைவி டோரீன் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கணினியில் அந்தப் பெயரை அப்படியே எழுதி டாட் காம் போட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் போய்ப் பார்ப்பீர்கள், அந்தப் பாவிகளுக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

வந்த பக்கத்தில் நீல வானம், கை கோத்த வயதான ஜோடி, 'உங்களுக்கு உதவ இருக்கிறோம்' என்று ஒரு வரி. நோயின் பெயரிலேயே பக்கம் இருக்கிறதே, ஏதோ ஆஸ்பத்திரியாக இருக்கும், இல்லை அரசாங்கமாக இருக்கும் என்று டோரீன் நம்பினாள். பெயர், நோயாளியின் வயது, வேலை பார்த்த இடம், வீட்டுத் தொலைபேசி நம்பர் எல்லாம் கேட்டது. கொடுத்தாள். அரை மணிக்குள் தொலைபேசி அடித்தது. பிறகு அடித்துக்கொண்டேயிருந்தது. ஒருத்தராவது டாக்டர் இல்லை. அத்தனை பேரும், ஆஸ்பெஸ்டாஸ் முதலாளிகள் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட வக்கீல் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவர்கள். அதில் ஒரு கம்பெனி லேமோய்னிடம் கையெழுத்து வாங்கி, அவரை அடுத்த கம்பெனிக்கு விற்று, அது இன்னொன்றுக்கு விற்றது. நெஞ்சில் நீர் எடுத்துவிட்டு அவர் படுத்துக் கிடந்தபோதும் போன் அடித்தார்கள். வசந்தத்தில் அவரைப் புதைத்துவிட்டு வந்த வாரத்தில் ஒருத்தி கூப்பிட்டு, "அப்ப இது இனிமே இறப்பு வழக்கும்மா, பணம் இன்னும் நல்லாவே வரும்" என்றாளாம், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. த்தூ! இதுவும் ஒரு பிழைப்பா?

"நம்பரை மாத்தித் தொலையேன், டோரீன்" என்றார் வெர்லின்.

"நான் ஏன் மாத்தணும்? என் பிள்ளைங்களுக்கெல்லாம் மனப்பாடமா தெரிஞ்ச நம்பர். நான் என்ன தப்புப் பண்ணேன்? அவனுங்க நிறுத்தட்டும்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் யாரை நிறுத்தச் சொல்வது, எங்கே போய்ச் சொல்வது என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. கூப்பிடுகிறவன் ஒவ்வொருவனும், "எனக்கு உங்க நம்பர் வேற ஒருத்தர்கிட்டேருந்து வந்தது" என்றான்.

இரண்டாம் வருஷ ஏலத்தன்று காலை, ஹோட்டல் மண்டபத்தில் ட்ரென்ட் அன்றைய சரக்கையெல்லாம் ஒத்திகைக்காக ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுக் காட்டினான். ஏழோ எட்டோ போயிருக்கும். நீல வானம் வந்தது. கை கோத்த ஜோடி வந்தது. டோரீன் வீட்டுக் கணினியில் வெர்லின் பார்த்திருந்த அதே பக்கம்.

"இது யாரோடது?"

"இதுவா? கிப்போடது. இன்னிக்கு இருக்கறதுலயே பெரிய சரக்கு. ஒரு அமுக்குக்கு வக்கீலுங்க என்ன தர்றாங்கன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, தலைவா."

கிப் என்பவன் காபி மேஜையருகில் நின்றிருந்தான். நல்ல முகம். எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுகிற சுபாவம். வெர்லின் அண்ணனைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகவே அவன் முகம் வாடியது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கொடூரனாக இருந்தாலாவது ஒரு மாதிரி மனசு ஆறும்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, வெர்லின். நெஜமா. ஆனா நான் யாருக்கும் போன் பண்ணதில்ல. நான் ஒரு நோட்டீஸ் பலகை வெச்சிருக்கேன். தெருவுல போறவன் படிக்கறான். அவ்வளவுதான்."

"ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சிருக்கியே, தம்பி."

"அங்கதான கூட்டம் இருக்கு?" கிப் மழுப்பலாகச் சிரித்தான்.

"இதை விக்காதே. மூடிடு."

"மூடறதா! நான் வேற வீடு பாத்து வெச்சிருக்கேன்." பிறகு, பெரியவர் முகத்தைப் பார்த்து விளையாட்டாக்கிவிடலாம் என்று நினைத்தான் போல. "சரி, ஒண்ணு செய்யலாம். கீழ் விலைன்னு நான் எதுவும் வெக்கல. ஒரு கை கூட எழும்பலன்னா உங்களுக்கே தந்துடறேன். எடுத்துட்டுப் போய் மூடிக்கங்க. போதுமா?"

"கை குடு" என்றார் வெர்லின்.

கிப் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். அவனுக்கு அது கேலி. மாட்டுச் சந்தைக்காரருக்குக் கை கொடுத்தால் கொடுத்ததுதான். வெர்லின் அப்போதே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். ஒரு கையும் எழும்பாமல் செய்வது எப்படி என்று அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியுமே!

மதியத்துக்கு மேல் ஏலம் தொடங்கியது. மண்டபம் நிறைந்து வழிந்தது. முதல் ஏழெட்டுப் பெயர்களை வெர்லின் வழக்கம்போல வாய்க்குள் போட்டு உருட்டி விற்றார். தொப்பியைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு நீல வானம் திரையில் வந்ததும் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க ஊருல மாட்டுல குறை இருந்தா மொதல்ல சொல்லிடுவோம். இதுல குறை இருக்கு. கேட்டுக்கங்க." மண்டபம் சிரித்தது, ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று. "இந்தப் பேரை யாரும் பொழுதுபோக்குக்கு எழுத மாட்டாங்க. டாக்டர் வாயால கேட்ட அன்னிக்கு எழுதுவாங்க. எங்க அண்ணி கோட்டைக்கூடக் கழட்டல. கண்ணுல தண்ணி, எதுவும் சரியாத் தெரியல. அப்ப வர்ற மொத பக்கத்தை அப்படியே நம்பிடுவாங்க. நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. ரெண்டாவது எடத்துல போய் விசாரிக்க மாட்டாங்க, அதுக்குத் தெம்பு இருக்காது. எதைக் கேட்டாலும் குடுத்துடுவாங்க. நம்பர், வயசு, எந்த ஆலையில வேலை பாத்தாருன்னு எல்லாத்தையும். உதவி வருதுன்னு உக்காந்திருப்பாங்க. உதவி வராது. எங்க அண்ணன் வசந்தத்துல செத்துட்டான். அதுதான் இந்தச் சரக்கு. இப்ப யாருக்கு வேணும் இது? தெரிஞ்சே வாங்கணும்னா கையைத் தூக்குங்க."

சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு கையும் எழும்பவில்லை. முன்வரிசையில் கிப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லின் ஒரு மூச்சு விட்டார். சரி, வெட்கம் இருக்கிறது, மனுஷர்கள்தான் என்று அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

மூன்றாவது வரிசையில் சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி கையை உயர்த்தினாள். விலை கேட்கவில்லை, சந்தேகம் கேட்டாள். "ஒரு நிமிஷம் சார். உங்க அண்ணி எங்கேயாவது தேடி, அங்கேருந்து வந்தாங்களா? இல்ல நேரா இந்தப் பேரையே எழுதினாங்களா?"

"நேராத்தான் எழுதினா."

"வேற பக்கம் எதுவும் பாக்கவே இல்லையா?"

"இல்லைன்னு சொன்னேனே."

அவள் பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கை எழும்பியது. இந்தப் பக்கம் இன்னொன்று. அப்புறம் மண்டபம் முழுக்க, விலை கேட்கிறவர்களின் நம்பர் அட்டைகள் மேலே போயின. கண்ணீரோடு வருகிறவள், நேராக வருகிறாள், வேறெங்கும் போகமாட்டாள், கேட்டதெல்லாம் கொடுக்கிறாள்! அவர்கள் தொழிலில் ஒரு சரக்குக்கு இதைவிட நல்ல வார்த்தை எவனும் சொன்னதில்லை. அவர் குறையென்று நினைத்து அடுக்கியதெல்லாம் அவர்களுக்கு விலை. கருமம், கருமம்!

வெர்லின் வாயைத் திறக்கவில்லை. அவர் தேவைப்படவும் இல்லை. அவர்களே ஒருவர் விலைக்கு மேல் ஒருவர் கத்திக்கொண்டார்கள். கையைக் கவனித்துச் சொல்வதற்காக நிறுத்தப்பட்ட பையன்கள் இந்த மூலையிலிருந்தும் அந்த மூலையிலிருந்தும் 'யெப், யெப்' என்று கூவினார்கள். சாம்பல் கோட்டுக்காரி சொன்ன விலைக்கு மேல் யாரும் போகவில்லை. ட்ரென்ட் மேடைக்கு ஓடிவந்து, சுத்தியலைத் தானே எடுத்துத் தட்டினான். "தலைவா, மேதை நீங்க! மேதை!" என்று காதில் கத்தினான். இந்த இரண்டு வருஷத்தில் அந்த மேடையில் போன விலைகளிலேயே அதுதான் பெரிது. கிப் எழுந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. வெர்லின் அவன் கையை விலக்கிவிட்டார்.

மீதிப் பெயர்களை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கிக் கழிப்பறைக்குப் போனார். வாயில் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். வெளியே வந்தபோது சாம்பல் கோட்டுக்காரி காத்திருந்தாள்.

"நீங்க பேசினது மனசைத் தொட்டுடுச்சு சார். உங்க அண்ணி இதையே காமிரா முன்னாடி சொல்வாங்களா? பக்கத்துல அவங்க முகத்தைப் போடலாம்னு நெனைக்கறோம். பாக்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். அவங்களுக்கும் ஏதாவது செய்வோம்."

"சீ, போ அந்தப் பக்கம்!" என்றார் வெர்லின். முப்பது வருஷத்தில் எந்தப் பெண்ணிடமும் அவர் அப்படிப் பேசியதில்லை.

"கோவப்படாதீங்க. அவங்க நம்பர் மட்டும் குடுங்க, நானே பக்குவமா கேட்டுக்கறேன்."

"உசுரே போனாலும் தர மாட்டேன்."

"பரவால்ல சார்." அவள் முகத்தில் ஒரு கடுகடுப்புகூட இல்லை. "இதுவரைக்கும் அந்தப் பக்கத்துல நம்பர் குடுத்தவங்க எல்லார் விவரமும் நாங்க வாங்கின டாட் காம் பேரோட சேர்ந்து எங்களுக்குத்தான் வருது. நான் தேடி எடுத்துக்கறேன்."

திங்கட்கிழமை காலையில் டோரீன் வீட்டில் தொலைபேசி அடித்தது. பேசிய பையன் ரொம்பப் பணிவானவனாம். லேமோய்ன் காலமானதற்கு முதலில் அனுதாபம் தெரிவித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தானாம்.