கோயிலேறிய நைட்டி

செட்டியார்பட்டியில் நைட்டி தைத்தே பொன்மணி வீடு கட்டினாள், மகளை நர்சுக்குப் படிக்க வைத்தாள், கட்டியும் கொடுத்தாள். அதே பொன்மணிதான், நைட்டி போட்டுக்கொண்டு யாரும் கோயிலுக்கு வரக்கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிறிஸ்தவ சபையில் தீர்மானம் வந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கியவள். பெண்கள் ஐக்கியச் செயலாளர் அருள்செல்வி கொண்டுவந்த தீர்மானம் அது. விடியற்கால ஜெபத்துக்குச் சிலர் நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது புகார். அவர்கள் போட்டிருந்ததில் பாதி பொன்மணி தைத்தது. இதில் அவளுக்கு ஒரு முரணும் தெரியவில்லை. பிழைப்பு வேறு, பரிசுத்தம் வேறு.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மிஷனரி ஆசை. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியர் வேண்டும் என்று மிஷனரி சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பட்டதாரியாக இருந்தால் நலம் என்றும் அதில் இருந்தது. பத்தாவது பாஸான பொன்மணியைத் தவிர யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஆண்டவரே அவளைத் தேர்ந்துகொண்டார் என்று சபையார் சொன்னார்கள்.

பக்கத்து மிஷினில் தைக்கும் இசக்கியம்மாள்தான் கவலைப்பட்டாள். "ஏட்டி, அங்கன சிங்கம் புலியெல்லாம் கிடக்குமாம்லா?"

"நம்ம செண்பகத்தோப்புக் காட்டுல இல்லாத புலியா? போடி."

"புலிக்கு நீ பிரசங்கம் பண்ணுவ. பாவம் அது."

புருஷன் சாம்சன் விசைத்தறி மெக்கானிக், அதிகம் பேசாதவர். "போய்ட்டு வா. முடியலன்னா ஒரு போனு போடு, வந்துரலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம்தான் பொன்மணியைச் சுட்டது. முடியாமல் திரும்புவாள் என்று சபை முழுக்க நினைத்தது. வாய்விட்டுச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

மலாவியில் சாப்பாடு ஒரு பிரச்சினையாக இல்லை. மக்காச்சோள மாவில் களி கிண்டினார்கள். களியைத் தின்பதற்கா இத்தனை தூரம் விமானம் ஏறினோம் என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. பிரச்சினை பிரசங்கத்தில் இருந்தது. ஆண்டவர் தன்னை நடத்திவந்த கதையை, தன் சாட்சியை, ஆங்கிலத்தில் உருப்போட்டு வைத்திருந்தாள். அவள் கால்மணி நேரம் கண்ணீரோடு பேசியதை, பள்ளிக்கூட வாத்தியார் அந்த ஊர்ப் பாஷையில் ஒரே வரியில் சொல்லி முடித்தார். பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அந்த ஒரு வரியும் குறைந்தது.

இல்லத்தை நடத்திய கும்வெண்டா அம்மாள் கனிவானவர், ஆனால் கறாரானவர். வருகிற ஊழியருக்கெல்லாம் மூன்று மாதம் பரீட்சை. ஈஸ்டர் நெருங்கும்போது பொன்மணியைக் கூப்பிட்டார். "நீ நல்ல பெண். ஆனால் உன்னை வைத்து நான் என்ன செய்யட்டும்? பண்டிகை முடிந்ததும் ஊருக்குப் போய்விடேன்."

அந்தப் பண்டிகையில்தான் கும்வெண்டா அம்மாளுக்கு ஒரு குறை இருந்தது. ஈஸ்டருக்கு வட்டாரத்துப் பாடகர் குழுக்கள் எல்லாம் பெரிய கோயிலில் கூடிப் போட்டி போடும். ஒரே மாதிரி உடுப்பு இல்லாத குழு பாடலாம், மார்க்கு கிடையாது. இல்லத்துப் பிள்ளைகளோ தர்மமாக வந்த சட்டைகளில் ஆளுக்கொரு நிறத்தில் நிற்பவர்கள். போன வருஷம் எல்லோரையும்விட நன்றாகப் பாடிவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள்.

"மேடம், துணி இருக்கா?" என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள் பொன்மணி. "உடுப்பு நான் தைக்கிறேன். நல்லா வந்தா நான் இருக்கேன். இல்லாட்டி போயிர்றேன்."

ஊதா நிறத்தில் மஞ்சள் பூப் போட்ட துணிக்கட்டு ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்தது. கால்மிஷினும் ஒன்று இருந்தது. தன் சபைப் பாடகர்களின் வெள்ளை அங்கியை மனசில் வைத்துக்கொண்டு பொன்மணி துணியை மடித்துப் போட்டு வெட்டினாள், தைத்தாள், எல்லாவற்றையும் அலசிக் கொடியில் காயப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். காற்றில் ஆடிக்கொண்டிருந்தது வரிசையாக நைட்டி. நெஞ்சுப்பட்டி, அதில் பைப்பிங், கீழே அகலமாகப் பிரில். கை நீளம் மட்டும்தான் அங்கியின்படி வந்திருந்தது. இருபது வருஷம் ஒன்றையே தைத்த கை, மனசிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாம்சனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, தச்சது பூராவும் நைட்டியா போச்சு."

"நீ வேற என்னத்தத் தைப்ப?"

"கோயிலுக்குங்க. துணியும் தீந்துபோச்சு."

"அவியளுக்கு அது நைட்டின்னு தெரியுமா?"

தெரியாதுதான். ஆனால் மிஷனரியாக வந்துவிட்டுப் உண்மையை மறைத்து வைக்க முடியுமா? நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். "மேடம், இது ராத்திரியில போடுற உடுப்பு."

கும்வெண்டா அம்மாள் கொடியிலிருந்து ஒன்றை உருவினார். மணிக்கட்டுவரை கை, கணுக்கால்வரை நீளம். பிரிலைச் சுண்டிப் பார்த்தார். "உங்கள் ஊரில் ராத்திரி மட்டும்தான் இதைப் போடுவார்களா?"

பொன்மணி நேர்மையாக யோசித்தாள். காலையில் பால் வாங்க, குழாயடிக்கு, ரேஷன் கடைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. ராத்திரி மட்டும் போடுகிற ஒருத்தியைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"இல்ல மேடம். நாள் பூராவும் போடுவோம். கோயிலுக்கு மட்டும் போட மாட்டோம்."

"அப்படியானால் நஷ்டம் உங்கள் கோயிலுக்கு" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஊரில் பாடகர் குழு கோயிலுக்குள் சும்மா நடந்து வராது. இடுப்பை அசைத்து, அடி எடுத்து வைத்துப் பாடிக்கொண்டே வரும். மற்றக் குழுக்கள் கஞ்சி போட்ட உடுப்பில் விறைப்பாக வந்து போயின. இல்லத்துப் பிள்ளைகள் வாசலில் முதல் அடி வைத்தபோது அத்தனை பிரிலும் ஒரே பக்கம் சாய்ந்தது. அடுத்த அடிக்கு மறுபக்கம். கோயில் எழுந்து நின்றது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். குலவை என்றால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் இசக்கியம்மாள் போடுவது. கிறிஸ்தவளுக்கு ஆகாது என்று பொன்மணி அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அதை நன்றாகக் கற்றும் வைத்திருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவள் போட்ட குலவைக்கு முன்வரிசைப் போதகர் திரும்பிப் பார்த்தார்.

முதல் பரிசு இல்லத்துக்குத்தான். கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கும்வெண்டா அம்மாள் பொன்மணியின் காதருகே வந்து, "உன் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன்" என்றார்.

படம் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபையின் வாட்ஸ்அப்பில் ஏறியது. சாயங்காலம் அருள்செல்வி கூப்பிட்டாள்.

"பொன்மணி, அது நைட்டிதான?"

"ஆமாக்கா."

"கை எதுவரைக்கும் வச்சிருக்க?"

"மணிக்கட்டுவரைக்கும்க்கா."

"அப்பச் சரி." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிறிஸ்துமசுக்கு நம்ம பாடகர் குழுவுக்கும் உடுப்பு மாத்தணும்னு பேச்சு. வெள்ளையில அந்த பிரில் எடுக்குமா?"

"எடுக்கும்க்கா. இசக்கியம்மாட்ட குடுங்க, என்னைவிட நல்லா தைப்பா." தீர்மானத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அது இன்றைக்கும் அமலில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் இல்லத்து வாசலில் வேறு சபைப் பெண்கள் துணிக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பொன்மணி முதல் பெண்ணின் தோளில் அளவு டேப்பை வைத்தாள். அளவெடுக்கும்போது யாரும் பாதியில் விலகிப் பந்து விளையாடப் போய்விட முடியாது. வாத்தியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் சாட்சியை முதலிலிருந்து தொடங்கினாள்.