கேள்வியோடு போன போன் நம்பர்

வழி தெரியாவிட்டால் தெருத்தெருவாகச் சுற்றுவானே தவிர, ஒருவரை நிறுத்தி வழி கேட்க மாட்டான். ஹோட்டலில் கரண்டி வரவில்லையா, சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிடுவான். அவனுடைய அக்கா அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவன் பிழைப்பே கேட்பதுதான். பார்சல் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறான். லாரி எங்கே வருகிறது, பெட்டி போய்ச் சேர்ந்ததா என்று எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களிடம் அந்தப் புரோகிராம்கள் நாள் முழுக்கக் கேட்டபடி இருக்கும். அதற்கென்று லைப்ரரி என்று சொல்லப்படும் ஒரு சின்ன ஆயத்தப் புரோகிராம் வைத்திருந்தான். யாரோ புண்ணியவான் எழுதி இலவசமாகக் கொடுத்தது. முகவரியைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதினால், அது போய்க் கேட்டுப் பதிலை வாங்கி வந்துவிடும். தொண்டையைக் கனைக்க வேண்டாம், அசட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டாம். இதைவிடச் சொகுசு அவனுக்கு வேறென்ன?

அக்கா வீட்டு முன்னறையில் பழைய துணிகளை ஆல்டர் செய்து கொடுப்பவள். அந்தத் தையல் மெஷின் ஓடியதால்தான் அவன் படித்தான். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் ஒரு நீலக் கால்சட்டைக்குப் பச்சை நூலால் ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு எட்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரை மெஷினை மூடி வைக்க வேண்டியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"யாராவது வரலைன்னா அந்தத் தேதியை வெப்சைட்ல போடுவாங்களாம்" என்றாள் அக்கா. "நீ போன் பண்ணித்தான் கேளேன்டா."

"போனா? நான் புரோகிராமே போட்டுடறேன்க்கா."

இருபது வரி. நிமிடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வெப்சைட்டிடம், 'தேதி இருக்கிறதா?' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். போகிற கேள்வி ஒவ்வொன்றிலும் கேட்பது யார் என்று சொல்ல ஒரு வரி உண்டு. பலர் அதில் பொய்யாக ஏதாவது பிரவுசரின் பெயரைப் போடுவார்கள். இவன் மரியாதைக்காரன். 'அக்காவின் கண் ஆபரேஷன் தேதிக்காகக் கேட்கிறேன். தொந்தரவாக இருந்தால் கூப்பிடவும்' என்று எழுதி, தன் போன் நம்பரையும் சேர்த்தான். அதை எவரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை அக்கா பொறுமை இழந்தாள். மேஜையைத் தடவி எடுத்து, பச்சையோ சிவப்போ தெரியாமல் எதையோ அழுத்தி, அவன் காதில் வைத்துவிட்டாள்.

"சார், கண் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுலேருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "காலையிலேருந்து எங்க சர்வரைப் பிடுங்கி எடுக்கறது நீங்கதானா?"

ஊமைக்கோட்டான் தலையாட்டினான். போனில்.

"ஹலோ?"

"ஆ... ஆமாங்க."

"நாலு மணி நேரத்துல அறுபதாயிரம் தடவை கேட்டிருக்கீங்க. காலையில கூட்டம் ஜாஸ்தின்னு 'கொஞ்சம் பொறு'ன்னு நாங்க பதில் அனுப்ப அனுப்ப, இன்னும் வேகமா கேக்கறீங்களே!"

அவனுக்குச் சுருக்கென்றது. ஒரு நிமிடம் காத்திரு என்ற வரியை, நல்ல பதில் வந்தால் மட்டும் ஓடுகிற இடத்தில் எழுதித் தொலைத்திருந்தான். 'பொறு' என்ற பதில் வந்ததும் புரோகிராம் மூச்சுக்கூட விடாமல் மறுபடி கேட்டிருக்கிறது.

"ஒரேயடியா தடுத்துட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனா அக்கா கண்ணுக்காகன்னு எழுதி, நம்பரும் குடுத்த ஆளை நான் பார்த்ததே இல்லை. சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

போனை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். எதிரே அக்கா அவன் முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்காவுக்கு... சீக்கிரமா ஒரு தேதி கிடைக்குமாங்க?"

"இதை முதல்லயே போன்ல கேட்டிருக்கலாமே சார். காலியாகற தேதியெல்லாம் போன்ல கேக்கறவங்களுக்கே போயிடும். வெப்சைட் வரைக்கும் வர்றதே இல்லை. லைன்லயே இருங்க."

இருந்தான்.

"வியாழக்கிழமை ஒருத்தர் வரலையாம். எட்டு மணிக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் புரோகிராமை நிறுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

வெள்ளிக்கிழமை ஒரு கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். அக்கா நர்ஸைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், கடைசியில் தம்பியைப் பார்த்தாள்.

"அடப்பாவி! பாதித் தலை நரைச்சுப் போச்சே! எப்போலேருந்துடா?"

"ரெண்டு வருஷமாக்கா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

அக்கா அவன் தலையில் ஒன்று போட்டாள். பிறகு அந்தக் கையை எடுக்காமல், ஒவ்வொரு நரைமுடியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.