கோலா சாவா கோச்சின் கடைசி ஆட்டம்

போன ஞாயிறு ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்தேன். ஒருவர்கூடப் பந்தைக் காலால் தொடவில்லை!

ஃபிளாக் ஃபுட்பால் — அமெரிக்கன் ஃபுட்பாலின் சாதுவான தம்பி. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, ஓட வேண்டும். ஆளை இடித்துத் தள்ளக் கூடாது. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும்.

எங்கள் ஊரான கோலா சாவா பக்கம் இதைக் கொண்டுவந்தவர் சரவணன். செண்டாயான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் யூடியூப் பார்த்துக் கற்றவர். பத்து வருடமாகக் கோச்சும் அவரே, பந்து எறிபவரும் அவரே. ஒரு மேட்ச்சிலும் உட்கார்ந்ததில்லை.

ஞாயிறு அவருக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அணி மேல் பிரிவுக்குப் போகும். வழியனுப்ப மனைவி, மச்சான், பக்கத்து வீடு என்று ஒரு வேன் நிறைய ஆட்கள்.

பந்து எங்கே போகும் என்பதை அவர் தோட்டத்து மொழியில் கத்துவார். ரப்பர் மர வரிசையை நெரை என்போம் அல்லவா? "கடசி நெரை!" என்றால் ஓரமாகத் தூர எறிவது. கோலாலம்பூர் அணிகள் திருதிருவென்று விழிக்கும்.

ஆனால் எதிரே நின்றது அம்பாங்கான் அணி. அவர் கத்திய இடத்திலெல்லாம் முன்கூட்டியே ஆள்! பாதி ஆட்டத்தில் ஆறு பாயிண்ட் பின்தங்கிவிட்டோம். அம்பாங்கான் கேப்டன் சிரித்தார்.

"அண்ணே, எங்க தாத்தாவும் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவருதான் லா!"

இடைவேளையில் மாற்று ஆட்டக்காரி கவிதா வந்தாள். கிளினிக் நர்ஸ்.

"கோச், போன வருசமே சொன்னேன்ல? கத்த வேணாம், கையால காட்டலாம்னு..."

சரவணன் பந்தை அவள் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கத்தித்தான் பழக்கம். நீயே எறி."

"அப்ப நீங்க?"

"உக்காந்துக்கிறேன் லா."

முட்டி வீங்கியிருந்ததால் வேறு இடத்தில் ஓடி ஆடவும் அவரால் முடியாது. லிஸ்ட்டில் தன் பெயரைத் தானே அடித்தார். வேன் கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆட்டத்தில் பாதியில் உட்காருவது சின்ன விஷயமா?

கவிதா விரலை மட்டும் ஆட்டினாள். மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது! இரண்டு முறை பந்து கோட்டைத் தாண்டியது; ஒவ்வொன்றுக்கும் ஆறு பாயிண்ட். ஜெயித்துவிட்டோம். ஓரத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர் சரவணன்தான்.

நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கோச்சுகளையும் பார்த்திருக்கிறேன். தனக்குள் இருக்கும் ஆட்டக்காரனை உட்காரச் சொன்ன கோச்சை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க எப்ப பத்திரிகையில இந்தப் பத்தி எழுதுறத வேற ஆளுக்கு விடப் போறீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எனக்கு முட்டியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது!