மாப்பிள்ளை வண்டியின் கீச்சுச் சத்தம்

என் தம்பியின் கல்யாணம் நெருங்கிய நேரம் பார்த்துத்தான் எங்கள் கெப், பின்னிருக்கையும் உள்ள அந்தப் பிக்கப் வண்டி, கத்தத் தொடங்கியது. மாவடிப்பள்ளி வயலிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் நின்ற பாதையால் அதைக் கொண்டுவந்திருந்தேன். அதற்குப் பிறகு கல்முனைக் கடைத்தெருவில் மெதுவாகப் போனால் முன்சக்கரச் சில்லுப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம். வேகமெடுத்தால் அடங்கிவிடும், குறைத்தால் திரும்பவும் கிளம்பும். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையை அந்தக் கெப்பில்தான் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது தம்பியின் ஆசை. வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கம் செய்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உழைத்து வாங்கிய வாகனம் அது.

“காக்கா, இந்தச் சத்தத்தோட போனா பொண்ணு ஊட்டாக்கள் என்னை உட்டுட்டு கெப்பத்தான் பாப்பாங்க,” என்றான் தம்பி. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

பக்கத்து வீட்டுக்காரர் பிரேக் என்றார். அதை மாற்றியும் சத்தம் போகவில்லை. மச்சான் பெல்ட்டைச் சந்தேகித்தார். அதிலும் ஒன்றுமில்லை. கடைசியில் என் மனைவி தையல் மிசினை விட்டு எழும்பி வந்தாள்.

“நீங்க மெதுவா ஓட்டுங்க. நான் பக்கத்துல நடந்து வாறன்.”

ஒரு கையால் அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி, சில்லுக்குப் பக்கமாய்க் காதைச் சாய்த்துக்கொண்டு அவள் எங்கள் குறுகிய ஒழுங்கைத் தெரு நெடுக நடந்தாள். மற்றப் பக்கத்தில் தம்பி. வாசல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

“மதினி, இஞ்சாலயும் கத்துது,” என்றான் அவன்.

“கொஞ்சம் வாய மூடிட்டு வாங்க, மாப்பிள்ள. எனக்கு நீங்க கத்துறதுதான் கேக்குது.”

சிரித்த சிரிப்பில் கிளச்சிலிருந்து என் கால் வழுக்கி, கெப் குலுங்கி நின்றது.

முற்றத்தில் ஜாக் வைத்து முன்பக்கத்தை உயர்த்தினோம். நான் சில்லைக் கையால் சுற்றினேன். அதே கீச்சு. அவள் சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, சில்லுக்குள் அச்சு நுழையும் இடத்தில் ஊற்றினாள். சத்தம் நின்றது. ஈரம் காய்ந்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

“காஞ்சி போய் உரசுது,” என்றாள். “எண்ணெ போடாட்டி என்ட மிசினும் இப்பிடித்தான்.”

கராஜில், பாஸ் என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக் சில்லைக் கழற்றிக் காட்டினார். அச்சைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் சீல் என்பார்கள். அதில் கிரீஸ் ஒரு துளிகூட இல்லை, வயல் சேறு இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் புதுச் சீல் போட்டு, விளிம்பில் விரலால் கிரீஸ் தடவிப் பூட்டினார்.

“தண்ணிக்குள்ள உட்டா மறுகா ஒருக்காக் காட்டுங்க, தம்பி.”

கல்யாணத்தன்று முன்கண்ணாடி ஓரமெல்லாம் மல்லிகைச் சரம். முன் இருக்கையில் தம்பி, பின்னால் உம்மாவும் என் மனைவியும். கடைத்தெருவில் ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனேன். கெப்பிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. தம்பி கண்ணாடியை இறக்கி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பெண் வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் என் கையைப் பிடித்தான்.

“காக்கா, கடற்கர ரோட்டால ஒரு சுத்துப் போவமா?”

“பொண்ணு பாத்துக்கிட்டு இரிக்கா, மகன்,” என்றார் உம்மா.

“ஒரு சுத்துத்தானே, மாமி,” என்றாள் என் மனைவி.

நான் கடற்கரைப் பக்கம் திருப்பினேன்.