இருமலுக்கு எந்த மாநிலம்?

கொரோனா ஊரடங்கில், புதுச்சேரி எல்லையில் பாகூர் பக்கம் எங்கள் ஊரில் பரிசோதனை முகாம் போட்டார்கள். எங்கள் கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் செல்வியக்கா காய்ச்சலில் இருமிக்கொண்டிருந்தார். பைக்கில் கூட்டிப்போனேன்.

ஆதாரைப் பார்த்த ஊழியர், "இது தமிழ்நாடு அட்ரஸ். கடலூர்ல போய் டெஸ்ட் எடும்மா" என்றார்.

"வாய்க்காலுக்கு அந்தாண்டதான் சார் என் வூடு. வேலையெல்லாம் இங்கதான்" என்றார் அக்கா.

"எங்க கணக்குல வராதும்மா." என்னைப் பார்த்தார். "நீங்க பாண்டிதானே? உக்காருங்க சார், டார்கெட் முடிக்கணும்."

"நல்லா இருக்கறவனுக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு? இருமுறவங்களுக்கு எடுய்யா!" என்று கத்தினேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடலூருக்குப் பஸ் இல்லை. எல்லைத் தடுப்பில் என் பைக்கையும் திருப்பிவிட்டார்கள். அக்கா வீட்டிலேயே மூச்சுத்திணறிச் செத்தார்.

தொற்று குறைந்துவிட்டது என்று இரண்டு அரசும் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறையத்தான் செய்யும். அக்காவை எவனும் எண்ணவே இல்லையே.