அத்தையின் டர்பைன் வண்டி

என் அத்தையின் ரேஸ் வண்டி உறுமாது, விசில் அடிக்கும் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒருவரும் நம்பவில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸில் அத்தை ஜெயிப்பது அவளைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. புனேயில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். தேஹு ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கிப் படித்தாள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஹெலிகாப்டர் டர்பைனைப் பொருத்திய கார்களை முட்டை வடிவப் பாதையில் ரேஸ் விட்டார்கள். பிஸ்டன் கிடையாது, கியர் மாற்றும் வேலை கிடையாது. மற்ற கார்கள் அலறிக்கொண்டிருக்கும்போது இவை ‘உஸ்’ என்று தாண்டிப் போயின. பயந்துபோன ரேஸ் நடத்துகிறவர்கள் விதியை மாற்றி, காற்று நுழையும் வாயைக் குறுக்கியே அவற்றை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பழைய வீடியோவை அத்தையின் மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. கடைசியில் அவளும் இரண்டு தோழிகளும் பழைய சாமான் கடையில் ஒரு குட்டி டர்பைனைப் பிடித்து, கோ-கார்ட் சட்டத்தில் ஏற்றிவிட்டார்கள்.

போட்டி நடந்தது அவர்கள் கல்லூரி மைதானத்தில். மண் பாதை, ஓரமெல்லாம் பழைய டயர். இன்னொரு சங்கடமும் இருந்தது. அம்மாவின் தம்பி, விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மாமா, தன் ஆபீஸ் சார்பில் சிவப்பு பெட்ரோல் வண்டியோடு வந்திருந்தார். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நாத்தனார் என்று அம்மா இரண்டு பேருக்கும் விபூதி பூசிவிட்டாள்.

டர்பைனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அத்தையின் முகம் சுருங்கியது. மாமாதான் போய் இந்தியிலும் மராத்தியிலும் வாதாடி அனுமதி வாங்கி வந்தார். அத்தையை எளிதில் தோற்கடிக்கலாம் என்ற தந்திரம் அது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

கொடி இறங்கியது. எல்லா வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. அத்தையின் வண்டி மட்டும் நின்ற இடத்தில் கீச்சென்று விசிலடித்தது.

மைக்கில் ஒருவர், “அரே, யே ஹேர் டிரையர் ஹை க்யா?” என்று, இது தலை உலர்த்துகிற மெஷினா என்று இந்தியில் கேட்டார். கூட்டம் சிரித்தது.

“மிதி அத்தை, மிதி!” என்று நான் கத்தினேன். மிதித்துத்தான் இருந்தாள். டர்பைனுக்கு வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிடித்த பிறகு யார் சொன்னாலும் கேட்காது. விசில் உயர்ந்து உயர்ந்து காதுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. யாரோ பின்னாலிருந்து தூக்கி எறிந்ததுபோல வண்டி கிளம்பியது. ஒன்றைத் தாண்டினாள், அடுத்ததைத் தாண்டினாள். வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் குறையாமல் டயர் சுவரை உரசிக்கொண்டு போனாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று காலையில் முணுமுணுத்த அப்பா, நாற்காலி மேல் ஏறி நின்று, “விடாத, விடாத!” என்று கூவினார்.

கடைசிச் சுற்றில் முன்னால் மாமா மட்டும். கடைசி வளைவில் அவரையும் தாண்டினாள். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திடீரென்று விசில் நின்றுபோனது. டர்பைன் அணைந்துவிட்டது. முடிவுக் கோடு கண்ணுக்கு எதிரே இருக்க, வண்டி உருண்டு உருண்டு நின்றது.

மாமா பக்கவாட்டில் போயிருந்தால் கோப்பை அவருக்கு. அவரோ வேகத்தைக் குறைத்து, அத்தை வண்டியின் பின்னால் தன் வண்டியை முட்டக் கொடுத்துத் தள்ளினார்.

“தள்ளாதீங்க அத்தான்! ரெண்டு பேரையும் நீக்கிருவாங்க, நீங்க போங்க!” என்று அத்தை கத்தினாள்.

“நீக்கட்டும். ஸ்டியரிங்க நேராப் பிடி.”

இரண்டு வண்டிகளும் ஒட்டிக்கொண்டே கோட்டைக் கடந்தன. கூட்டம் எழுந்து கைதட்டியது. டர்பைன் சூட்டில் மாமா வண்டியின் முன்பக்க பிளாஸ்டிக் உருகி மெழுகுபோலத் தொங்கியது. சொன்னபடியே இருவரையும் நீக்கிவிட்டு, பின்னால் வந்த யாரோ ஒருவனுக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றியதுமே சண்டைக்குப் போனாள். “உங்கள யாரு தள்ளச் சொன்னா? ஜெயிச்சிருக்க வேண்டியதுதான?”

“ஒத்தையில ஜெயிச்சு என்ன செய்ய?” என்றார் மாமா.

இப்படி ஒரு முட்டாள் பதிலை நான் கேட்டதே இல்லை. அவர் வாங்கிக்கொடுத்த வடா பாவ் பன்னைத் தொட மறுத்துவிட்டேன். கோபமாக இருந்த அத்தையோ அவர் கையிலிருந்ததில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். எனக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது.

சில மாதம் கழித்து, மாமா வீட்டார் தாம்பாளத்தில் பூவும் பழமுமாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். அத்தை பட்டுப்புடவையில் இருந்தாள். இனி அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அம்மாவிடம் கேட்டேன். மாமா பெண்டாட்டியும் அத்தைதான், மாற்ற ஒன்றுமில்லை என்றாள். அது தீர்ந்தது. ஆனால் முக்கியமான விஷயத்தை யாருமே பேசக் காணோம். நடுக்கூடத்தில் போய் நின்று, “அப்போ அன்னைக்கு ரேஸ்ல ஜெயிச்சது யாரு?” என்று கேட்டேன்.

கூடமே சிரித்தது. மாமா விட்டத்தைப் பார்த்தார். அத்தை மட்டும் முகம் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், தோற்றது இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது என்று எண்ணி, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.