நிஷ்மியா தாத்தாவின் மவுஸ் இல்லாத மேசை

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் தாத்தா நிஷ்மியாவும் நானும் உக்குவளை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறோம். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், வாடிக்கையாளரோடு சண்டை எல்லாம் என் பொறுப்பு. தமிழிலும் சிங்களத்திலும் கல்யாணக் கார்டும் வினாத்தாளும் டைப் செய்து வடிவமைப்பது அவள் வேலை. அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பசி, தாகம், அவள் புருஷனான என் மச்சான் ஒன்றும் நினைவிருக்காது.

போன வருடம் அவளுடைய வலது மணிக்கட்டு தகராறு செய்யத் தொடங்கியது. விசைகளைத் தட்டினால் வலியில்லை. மவுஸைப் பிடித்து இழுத்தால்தான் உயிர் போகிறது என்பாள். ஒரே வீட்டில் இருப்பதால் தேங்காய் திருவுவதும் என் தலையில் விழுந்தது. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சமும் பிரியம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாத்தளை டாக்டர் கைக்கு ஓய்வு வேண்டும் என்றார். இனித் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்று குடும்பமே முடிவு கட்டியது, அவளைத் தவிர.

"மவுஸத்தானே விடணும்? டைப்பிங்க ஏன் விடணும்?" என்றாள்.

பெருநாளுக்குக் கடையைச் சில நாள் பூட்டினோம். நாங்கள் சொந்தக்காரர் வீடுகளில் வட்டிலப்பம் சாப்பிட்டுத் திரிந்தபோது இவள் கடைக்குள் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டே கம்பியூட்டரின் வயிற்றுக்குள் எதையெதையோ மாற்றியிருக்கிறாள். கடை திறந்த காலையில் நான் பார்த்தது வெறும் கறுப்புத் திரை. ஒரு படம் இல்லை, ஒரு பட்டன் இல்லை. மேசையில் மவுஸும் இல்லை.

"அல்லாஹ்வே! என்ன தாத்தா செஞ்சி வெச்சிருக்க? கம்பியூட்டர் மௌத்தாப் போச்சா?"

"சும்மா இரு ஆதிபா. இப்பதான் அதுக்கு உசிர் வந்திருக்கு" என்று சிரித்தாள்.

இடது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திக்கொண்டு இன்னொன்றைத் தட்டினாள். ஒரு ஜன்னல், அதாவது டைப் செய்கிற பெட்டி, திரை முழுக்க விரிந்தது. மறுபடி தட்ட, இரண்டாவது ஜன்னல் வந்தது. முதலாவது தானே ஒதுங்கிப் பாதி இடம் விட்டது. விருந்தில் ஸஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிடும்போது இன்னொருவர் வந்தால் எல்லோரும் நகர்ந்து உட்காருவோமே, அப்படித்தான். மவுஸே இல்லாமல் எல்லாம் நடக்க எந்த விசைக்கு என்ன வேலை என்பதையெல்லாம் ஒரு கோப்பில் அவளே எழுதியிருந்தாள். வேலை நடக்கிற ஜன்னலைச் சுற்றிப் பச்சைக் கோடு வேறு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

முதல் வாடிக்கையாளர் இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த அழகையா. அவருடைய மகள் துஷாந்தினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உக்குவளையில் வேலை, கூட்டாளிகள் எல்லாம் சிங்களவர்கள், அதனால் கார்டு இரண்டு மொழியிலும் வேண்டும்.

தாத்தா இடப்பக்கம் தமிழுக்கும் வலப்பக்கம் சிங்களத்துக்கும் ஜன்னல் திறந்தாள். தமிழில் பெயர்களை அடித்தாள். பிறகு சிங்கள ஜன்னலுக்குத் தாவ விசையைத் தட்டினாள். பச்சைக் கோடு அசையவில்லை. மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. பெருநாள் முழுக்கச் சொன்ன பேச்சுக் கேட்ட கம்பியூட்டர், ஆள் முன்னால் வந்ததும் கல்லுப்போல நின்றது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேசை லாச்சியை இழுத்து மவுஸை எடுத்து அவள் முன்னால் டக்கென்று வைத்தேன். தாத்தா அதைப் பிடித்து நகர்த்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் சொன்னது சரிதான் போல, ஆதிபா. நான் இந்தக் கதிரைய விட்டு எழும்பத்தான் வேணும்."

அவ்வளவுதான், என் கோபம் ஓடிவிட்டது. அந்தக் கதிரையில் வேறொருத்தி உட்காருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மவுஸை அவள் கையிலிருந்து பிடுங்கி மறுபடி லாச்சியில் போட்டேன்.

"எழும்ப வேணாம். என்ன பிழைன்னு பாரு. ஐயா இருப்பாரு."

"நான் இருக்கேங்க. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு" என்றார் அழகையா.

பிழையை இணையத்தில் தேடலாம் என்று அவள் விசைப்பலகையை இங்கிலீஷுக்கு மாற்றினாள். பழக்கத்தில் அந்தத் தாவும் விசையில் கைபட்டது, பச்சைக் கோடு துள்ளி வலப்பக்கம் போனது! தமிழுக்கு மாற்றினாள், நின்றது. சிங்களத்துக்கு மாற்றினாள், அப்போதும் நின்றது. இங்கிலீஷ், ஓடியது. தாத்தா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"நான் ஒரு மடச்சி! கட்டளையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துப் பேர்ல குடுத்திருக்கேன். தமிழுக்கு மாறினதும் அந்த விசையில வேற எழுத்துல்ல வந்து நிக்கிது. லீவுல இங்கிலீஷ்லயே பழகினேன், அதான் தெரியல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழகையாவுக்குப் புரிந்தது.

"எங்க லயத்து வீட்டு வரிசை மாதிரிங்க. காம்பராவுல குடும்பம் மாறும், நம்பர் மாறாது. பழைய ஆளு பேரச் சொல்லிக் கூப்புட்டா யாரு வருவாங்க?"

"அதேதான் ஐயா! விசைக்கும் மாறாத நம்பர் ஒண்ணு ஈக்கி. இனி நம்பரச் சொல்லித்தான் கூப்பிடப் போறேன்."

கோப்பைத் திறந்து எழுத்துகளை அழித்து ஒவ்வொன்றாக எண்களைப் போட்டாள். நான் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினேன். பிறகு அவள் தமிழில் அடித்தாள், தாவினாள், சிங்களத்தில் அடித்தாள், திரும்பித் தாவினாள். கை விசைப்பலகையை விட்டு எழும்பவே இல்லை. கார்டின் மாதிரி அச்சாகி வந்தபோது அழகையா மகளின் பெயரைத் தமிழில் வாசித்தார், சிங்களத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தார், மறுபடி தமிழில் வாசித்தார்.

"ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்துறணும், சொல்லிப்புட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனோம். நல்ல சாப்பாடு.

அதற்குப் பிறகு மவுஸ் லாச்சியை விட்டு வெளியே வரவில்லை. நான் திட்டித் திட்டியே அந்த விசைகளைப் பழகிக்கொண்டேன். போன வாரம் ஒரு காலையில் குசினிப் பக்கம் 'கர்ர் கர்ர்' என்று சத்தம் கேட்டு விழித்தேன். எட்டிப் பார்த்தால் தாத்தா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள், அதுவும் வலது கையால். கூப்பிடாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன். அவள் பாதித் தேங்காயை முடித்து மறுபாதியை எடுக்கும் வரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.